தீபாவளி வந்தாலே நெஞ்சு ஏன் கனக்கிறது?

நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். வயது 38, சென்னையில் வேலை, இரண்டு பிள்ளைகள். தீபாவளிக்கு மாமியார் ஊருக்குப் போக வேண்டும். "ஒரு மாசத்துக்கு முன்னாடியே தூக்கம் கெட்டுடுது, நெஞ்சு இறுக்கமா இருக்கு, வீட்டுக்காரர்கிட்ட எரிஞ்சு விழறேன். ஊரே சந்தோஷமா இருக்கு, எனக்கு மட்டும் எப்படா முடியும்னு இருக்கு. டென்ஷன் குறைய மூச்சுப்பயிற்சி, தியானம் மாதிரி ஏதாவது சொல்லுங்க." நடுவில், போகிற போக்கில் ஒரு வரி: "போன வருஷம் அப்பா தவறிட்டதால தீபாவளி கொண்டாடல."

கேட்டது மூச்சுப்பயிற்சி. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது உள்ளே வேறொரு கேள்வி இருப்பது தெரிந்தது. "எல்லாருக்கும் வருகிற சந்தோஷம் எனக்கு ஏன் வரவில்லை, என்னிடம் ஏதாவது கோளாறா?" முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மூச்சுக்கு வருகிறேன். நான் திருச்சியில் 22 வருடமாக மனநல ஆலோசகர். ஐப்பசி பிறப்பதற்கு முன்பே இந்தப் புகாரோடு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள், பெரும்பாலும் பெண்கள். தலைவலி, தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்: பண்டிகையை ரசிக்கிறவர் யாரும் ஆலோசகரைத் தேடி வருவதில்லை. நான் பார்ப்பது முடியாமல் போனவர்களை மட்டும்தான். என் பேச்சில் அந்தச் சாய்வு இருக்கும்.

கோளாறு உங்களிடம் இல்லை. இதை உறுதியாகவே சொல்வேன். 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், மனிதனை உலுக்கும் 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்தார்கள். கணவனோ மனைவியோ இறந்துபோனால் 100. நெருங்கிய குடும்பத்தினர் இறந்தால் 63. பட்டியலின் அடியில் கிறிஸ்துமஸும் இருக்கிறது, அதற்கு 12. சின்னச் சின்னச் சட்டமீறலில் மாட்டிக்கொள்வதற்கு 11தான்! போலீஸிடம் அபராதம் கட்டுவதைவிடப் பண்டிகை ஒரு மதிப்பெண் அதிகமாக ஆளை அலைக்கழிக்கிறது. அறுபது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கணக்கு அது, எண்களை அப்படியே தூக்கி நம் ஊரில் வைக்க முடியாது. ஆனால் அதன் அடிப்படை இங்கேயும் செல்லும். நல்லதோ கெட்டதோ, அன்றாட ஒழுங்கு குலைந்தால் உடம்பும் மனதும் அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். உங்கள் கணக்கில் 12-ம் இருக்கிறது, 63-ம் இருக்கிறது. நீங்கள் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள்.

முதலாவதையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசு 2019-இல் நாடு முழுக்க நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை பார்க்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். அப்படி வேலை பார்க்கிற ஆண்கள் 97 நிமிடம். தீபாவளி வாரத்தில் இந்த இடைவெளி சுருங்கி நான் பார்த்ததில்லை. இதிலும் கையால் செய்கிற வேலையைவிட ஆளைத் தின்பது தலைக்குள் ஓடுகிற வேலை. சில வருடம் முன்பு ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். "என்ன வேலைன்னே தெரியல மேடம், ஆனா மூச்சு முட்டுது" என்றார். ஒரு நோட்டைக் கொடுத்து, தலையில் இருப்பதையெல்லாம் எழுதச் சொன்னேன். நாற்பத்தேழு வரி வந்தது. "பெரியப்பாவுக்கு எட்டு முழம், கரை சின்னது." "பிளவுஸ், டெய்லர் 20 தேதிக்கு மேல வாங்க மாட்டார்." "சின்னவனுக்குப் போன வருஷ அளவு பத்தாது." "வேலைக்கு வர்ற அக்காவுக்குப் புடவையா, பணமா, கேக்கணும்." "லேகியம், மாமாவுக்குச் சுகர், வெல்லம் கம்மியா." அடுத்த வாரம் கணவரும் வந்தார். நோட்டைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எல்லா வீட்டு ஆண்களும் சொல்வதையே சொன்னார்: "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே."

மனுஷர் பொய் சொல்லவில்லை, சொன்னால் செய்கிறவர்தான். ஆனால் நினைவு வைத்து, நேரம் பார்த்து, முகம் கோணாமல் சொல்லி, செய்தாரா என்று மறுபடி கேட்பதுதான் அந்த நாற்பத்தேழில் பாதி வேலை. அதனால் உங்களிடமும் நான் சொல்வது இதுதான்: வேலையில் உதவி கேட்காதீர்கள், வேலையை முழுசாகக் கைமாற்றுங்கள். டிக்கெட் என்றால் டிக்கெட் முழுக்க அவர் பாடு. முன்பு 120 நாள் முன்னதாக ரயில் முன்பதிவு செய்யலாம், 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். அந்த நாள் எது என்று கணக்குப் போடுவது, காலை 8 மணிக்குக் கணினி முன் உட்கார்ந்திருப்பது, கிடைக்கவில்லை என்றால் கிளாம்பாக்கத்தில் எந்த பஸ் என்று தேடுவது, திரும்பி வர டிக்கெட் போடுவது எல்லாம் அதில் சேர்த்தி. நீங்கள் "போட்டீங்களா?" என்று கேட்கக் கூடாது. சொல்வது சுலபம், அந்த ஒரு கேள்வியை விழுங்குவதுதான் கஷ்டம். துணி எடுப்பது அவர் பொறுப்பு என்றால், அவர் எடுத்து வரும் மாம்பழ மஞ்சள் சட்டையைப் பார்த்து உங்கள் முகம் மாறக் கூடாது. முதல் வருடம் ஏதாவது ஒன்று கட்டாயம் சொதப்பும். அந்த ஆசிரியை வீட்டில் சொதப்பியது மத்தாப்புப் பெட்டி. கணவர் வாங்க மறந்தே போனார். பிள்ளைகள் அப்பாவைப் பிடித்து உலுக்கினார்கள், அவரே கடைத்தெருவுக்கு ஓடினார். மறு வருடம் மறக்கவில்லை.

அடுத்து பலகாரம். இதில் என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. கல்யாணமாகி மூன்றாம் தீபாவளி, அதிரசத்துக்குப் பாகு காய்ச்சியது நான். பாகைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டால் கரையாமல் நிற்க வேண்டும், விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும். ஒரு நிமிடம் முந்தினால் இளம்பாகு, ஒரு நிமிடம் பிந்தினால் முத்தின பாகு. கைக்குழந்தை அழுததில் நான் முந்திவிட்டேன். மறுநாள் ராத்திரி பதினோரு மணிக்கு முதல் அதிரசத்தைத் தட்டி எண்ணெயில் போட்டதும் அது பொலபொலவென்று பிரிந்து வாணலி முழுக்கக் கருந்தூளாக மிதந்தது. அடுத்ததும் அப்படியே. மாமியார் எட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் வருஷா வருஷம் இந்த அதிரசம்னா வயித்தைக் கலக்கும்டி. உங்க மாமாவுக்குப் பிடிக்கும்னு செஞ்சேன். அவர் போனப்புறம் நீ ஆசைப்படுவேன்னு விடாம செய்றேன்" என்றார். எனக்கு அதிரசம் பிடிக்கவே பிடிக்காது. அவருக்காகத்தான் நான் கற்றுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து நான் எல்லாரிடமும் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று உண்டு. பண்டிகை வாரத்தில் கேட்கக் கூடாது, அப்போது எதைக் கேட்டாலும் சண்டைதான். ஆடியிலோ ஆவணியிலோ ஒரு சாதாரண நாளில், போனில் வேறு எதையோ பேசும்போது கேளுங்கள்: "அத்தை, நம்ம வீட்டுல எது இல்லைன்னா தீபாவளி மாதிரியே இருக்காது?" பத்துப் பலகாரம் சொல்வார்கள் என்று பயப்படுவீர்கள். நான் கேட்டுச் சொல்லச் சொன்ன வீடுகளில் வந்த பதில் பெரும்பாலும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒரு வீட்டில் தேங்காய்ப்பால் முறுக்கு, இன்னொரு வீட்டில் லேகியம், ஒரு வீட்டில் பலகாரமே இல்லை, விடியற்காலை எல்லாரும் ஒன்றாகக் குடிக்கும் காபி! அதை மட்டும் வீட்டில் செய்யுங்கள். மிச்சத்தைக் கடையிலோ, தெருவில் ஆர்டர் எடுத்துச் செய்து தருகிற அக்காவிடமோ வாங்குங்கள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாமியாரை வில்லியாக வைத்துக்கொண்டு பேசுவது எங்கள் துறையிலும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் அறையில் மாமியார்களும் அழுதிருக்கிறார்கள். முட்டி தேய்ந்த 65 வயதுக்காரி, நாலு நாளைக்குப் பத்துப் பேருக்குச் சமைக்க வேண்டுமே என்று உங்களைப் போலவே ஒரு மாதம் முன்பிருந்து தூங்காமல் கிடப்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நினைத்துப் பயந்துகொண்டிருப்பது நடக்காத விஷயமில்லை.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். அப்பா தவறிய வருடம் பண்டிகை இல்லை என்பது நம் வழக்கம். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் இது மாறும். சில வீடுகளில் கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு மூன்று நாள் தீட்டோடு சரி, புகுந்த வீட்டில் பண்டிகை நிற்காது. உங்கள் வீட்டில் நிறுத்தியிருக்கிறார்கள், நல்லது. பகுத்தறிவு பேசுகிறவர்கள் இதைக் கேலி செய்வார்கள். என் கண்ணுக்கு இது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு. துக்கத்தில் இருப்பவரிடம் யாரும் "ஏன் சிரிக்கல?" என்று கேட்க முடியாதபடி ஊரே சேர்ந்து ஒரு வருடம் விடுப்புக் கொடுக்கிறது. அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள், நாம் அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதில்லை. சிக்கல் அடுத்த வருடத்தில்தான். வருஷ திதி முடிந்ததும் விடுப்பும் முடிந்தது என்று கணக்கு. ஆனால் மனது காலண்டர் பார்ப்பதில்லை. போன வருடம் கொண்டாட்டமே இல்லாததால் அப்பா இல்லாத தீபாவளி எப்படி இருக்கும் என்று நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. இந்த வருடம்தான் உண்மையில் முதல் தடவை. இரண்டாம் வருடம் உடைந்துபோய் வருகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "போன வருஷம் நல்லாத்தானே இருந்தேன்?" என்றுதான் கேட்பார்கள்.

கல்யாணமான பெண்ணுக்குத் தீபாவளியில் அப்பா என்பது நினைவு மட்டுமல்ல, கைக்கு வந்து சேர்ந்த பொருளும்கூட. சீர் என்று ஒரு கவர், ஒரு புடவை, ஒரு டப்பா இனிப்பு. தொகை சின்னதாக இருக்கலாம். "உங்க அப்பா என்ன அனுப்பினார்?" என்று புகுந்த வீட்டில் யாரோ கேட்கும்போது சொல்ல ஒரு பதில் இருந்தது. இனி அண்ணனோ தம்பியோ அனுப்பலாம், அனுப்பாமலும் போகலாம், எப்படியானாலும் அது அப்பாவின் கையெழுத்து இல்லை. உங்கள் அப்பா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது, நீங்கள் எழுதவில்லை. ஆகவே இந்தப் பத்தி முழுக்க ஊகம்தான், பொருந்தாவிட்டால் தள்ளிவிடுங்கள். பொருந்தினால் ஒரு காரியம் செய்யுங்கள். தீபாவளிக்கு முன்னாலேயே அவருக்கென்று நேரம் ஒதுக்கிவிடுங்கள். பல வீடுகளில் இறந்தவர்களுக்குப் புதுவேட்டி வைத்துப் படைக்கும் வழக்கம் இருக்கிறது, உங்கள் வீட்டில் இருந்தால் அந்த வேட்டியை நீங்களே கடையில் நின்று எடுங்கள். இல்லையென்றால் அம்மாவுக்குப் போன் போட்டு, அப்பா எந்த வெடியை விரும்பி வாங்குவார், எந்தப் பலகாரத்தை ஒளித்துவைத்துத் தின்பார் என்று பேசுங்கள். அழுகை வரும், வரட்டும். ஒதுக்கிய நேரத்தில் வந்தால், பூஜையறையில் பத்துப் பேர் நடுவில் வராமல் இருக்க வாய்ப்பு அதிகம். இது என் அனுபவத்தில் சொல்வது, எல்லாருக்கும் பலிக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். போனஸ் கைக்கு வருவதற்கு முன்பே அதைச் செலவழித்து முடித்துவிடுவதுதான் நான் பார்க்கும் வீடுகளில் பாதிச் சண்டைக்குக் காரணம். தொகையை முதலில் இருவரும் பேசி எழுதிவிட்டு, பிறகு பட்டியல் போடுங்கள். பட்டியலைப் போட்டுவிட்டுக் கூட்டினால் எந்த வீட்டிலும் பற்றாது. தெருவில் நடத்துகிற பதிவில்லாத தீபாவளிச் சீட்டைவிட வங்கியில் பன்னிரண்டு மாத ஆர்டி மேல். ஆள் ஓடிப்போன கதைகளை ஐப்பசியில் நிறையக் கேட்டுவிட்டேன். உறவினர் கேட்கும் மார்க், சம்பளம், "எடை போட்டுட்ட போல" வகைக் கேள்விகளுக்கு ஒரே வரியில் பதில் தயாராக வைத்துக்கொண்டு, உடனே அவர்களைப் பற்றி ஏதாவது கேட்டுவிடுங்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். ஒன்றை மட்டும் மழுப்பாமல் சொல்ல வேண்டும். பண்டிகையன்று வீட்டில் குடித்துவிட்டு வந்து அடிக்கிற ஆள் இருந்தால், நான் மேலே எழுதிய எதுவும் அங்கே செல்லாது. அது மனஅழுத்தப் பிரச்சினை இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை. பெண்களுக்கான உதவி எண் 181. உங்கள் வீட்டில் அப்படி என்று நான் சொல்லவில்லை. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தேவைப்படலாம்.

நெஞ்சு இறுக்கம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நீங்களாகவே டென்ஷன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். எழுத்தைப் படித்துவிட்டு அதைச் சொல்ல என்னாலும் முடியாது, நான் மருத்துவரும் அல்ல. இரத்தச் சோகை, தைராய்டு இரண்டுமே படபடப்பைக் கொண்டுவரும், உங்கள் வயதுப் பெண்களிடம் இரண்டும் சகஜம். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள், ஹீமோகுளோபின், தைராய்டு, ஒரு ஈசிஜி போதும் என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார். வேலை செய்யும்போது இறுக்கம் கூடினாலோ, கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, வியர்த்தாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பண்டிகை முடிந்து இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாத நிலை தொடர்ந்தால் அது தீபாவளியால் வந்ததில்லை. நேரில் ஒருவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

சந்தோஷம் எப்படி வரும் என்பதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. தூக்கம் குறைந்தால் எரிச்சல் கூடும் என்பது மட்டும் சந்தேகமே இல்லாதது. நள்ளிரவு வரை முறுக்குப் பிழிந்துவிட்டு மூன்றரைக்கு எழுந்து குளித்தவரிடம் குதூகலத்தை எதிர்பார்ப்பது அநியாயம். பத்தரைக்கு அடுப்பு அணைய வேண்டும் என்று வீட்டில் எல்லார் காதிலும் விழும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, 1993-இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழு வெளியிட்ட ஒரு சோதனை. கை வலிக்கிற அளவுக்குக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருப்பது ஒரு முறை. இன்னொரு முறை அதே ஒரு நிமிடத்தோடு கூடுதலாக அரை நிமிடம், ஆனால் அந்தக் கடைசி அரை நிமிடத்தில் குளிர் சற்றே குறையும். மறுபடி எதைச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு கொஞ்சம் இதமாக இருந்தால் நினைவும் இதமாகிவிடுகிறது. நம் வீடுகளில் தீபாவளியின் முடிவு எப்படி இருக்கிறது? ஞாயிறு ராத்திரி நெரிசலில் பஸ், காலை ஆறு மணிக்குச் சென்னை, ஒன்பதரைக்கு ஆபீஸ், மூலையில் பிரிக்காத துணிமூட்டை. முடிந்தால் திரும்பும் டிக்கெட்டை ஒரு நாள் முன்தள்ளிப் போடுங்கள். ஊரில் ஒரு நாள் குறையும், மாமியார் முகம் கொஞ்சம் சுருங்கும். ஆனால் உங்கள் வீட்டில், உங்கள் கட்டிலில், மிச்ச மிக்சரைக் கொறித்துக்கொண்டு ஒரு பகல் கிடைக்கும். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்ததையும் நாலு நாள் பண்டிகையையும் ஒரே தட்டில் வைப்பது கொஞ்சம் இழுப்புதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் செய்து பார்த்தவர்கள் யாரும் என்னிடம் வருத்தப்பட்டதில்லை.

இனி நீங்கள் கேட்ட மூச்சுப்பயிற்சி. மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுவது, ஐந்து நிமிடம். அந்த நேரத்துப் படபடப்பை இது தணிக்கும், அதில் சந்தேகமில்லை. நாற்பத்தேழு வரியில் ஒரு வரியைக்கூட இது அடிக்காது, அதுவும் சந்தேகமில்லாதது. எப்போது செய்வது என்று கேட்டால், தீபாவளியன்று விடியற்காலை தலைக்கு எண்ணெய் வைத்து ஊறுகிற நேரத்தில் செய்யுங்கள். கையெல்லாம் எண்ணெய், எதையும் தொட முடியாது, ஒரு வேலையும் சொல்லவும் மாட்டார்கள். நம் பண்டிகையில் அப்படி ஒரு நேரம் அது ஒன்றுதான். பெரும்பாலான வீடுகளில் எல்லார் தலையிலும் எண்ணெய் வைத்துவிடுகிற பெண், கடைசியில் தன் தலையில் தானே அவசரமாக ஒரு கை அப்பிக்கொண்டு ஓடுவாள். இந்த வருடம் நீங்கள் முன்னாலேயே போய் மணையில் உட்கார்ந்துகொண்டு, "அத்தை, எனக்கு முதல்ல வச்சு விடுங்க" என்று கேளுங்கள்.